நாற்பத்து மூன்றாவது படிவம்

இராமநாதபுரத்தில் ஜன்னல் இடம் கிடைத்தது.
மடியில் நாற்பத்திரண்டு படிவங்கள்.
சமூக நீதியும் பொறுப்புள்ள தலைமையும்: மாணவர் பார்வை.
தொண்டி போய்ச் சேர்வதற்குள் எண்ணி முடிக்க வேண்டும்.

ஏழாம் கேள்விக்கு
எல்லோரும் அழகாக எழுதியிருக்கிறார்கள்.
தலைவர் என்பவர் ஏணி. தலைவர் என்பவர் வேர்.
ஒருவன் தோணி என்று எழுதி, அடித்துவிட்டு,
கலங்கரை விளக்கம் ஆக்கியிருக்கிறான்.

சீனி அஸ்கர் மட்டும் கொடுத்த இடம் போதாமல்
தாளின் பின்பக்கம் போயிருக்கிறான்:
"படகுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, டீசல் கழிவு,
மிச்சத்தில்தான் ஆளுக்குப் பங்கு.
படகு மூழ்கினால் ஆளுக்குத்தான் முதல் பங்கு.
இதைத் திருப்பிப் போடுகிறவர் யாரோ, அவர்."

நம்புச்செல்வியின் ஏழாம் கேள்வி காலி.
ஓரத்தில் பென்சிலில்:
"தண்ணி லாரி வந்துருச்சு.
நான் போகலன்னா ரெண்டாவது மாடிக்கு ஏறாது."
இதை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது?
பதிலளிக்கவில்லை என்று குறித்துக்கொண்டேன்.

தேவிபட்டினம் தாண்டியது.
கருவேலம், உவர்மண், மறுபடி கருவேலம்.

நாற்பத்து மூன்றாவது என்னுடையது.
மூன்றாம் கேள்வி:
அநீதி ஒன்றைக் கண்டும் பேசாமல் இருந்ததுண்டா?
ஆம். இல்லை. நினைவில்லை.

சின்னப்பாலம், போன செவ்வாய், காலை ஆறரை.
பாசி இனங்களைக் கணக்கெடுக்கப் போயிருந்தோம்.
பதினொரு பெண்கள் இடுப்பளவு நீரில்.
பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கும்
விரல் ஒவ்வொன்றிலும் கிழிந்த சேலைத் துணி.
எங்கள் கைகளில் நீலக் கையுறை.
"பக்கோடா பாசிக்கு இங்கிலீசுல என்ன பேரு?"
முனீஸ்வரி அக்கா கேட்டார். சொன்னேன்.
"பேரு பெருசா இருக்கு. கிலோ என்னா வெலைக்குப் போகும்?"
தெரியவில்லை.

திரும்பியதும் பெட்டியைப் பிரித்து எண்ணி
ஆய்வகப் பதிவேட்டில் எழுதினேன்:
எடுத்தது ஐம்பது ஜோடி. பயன்பட்டது ஆறு. இருப்பு நாற்பத்து நான்கு.
அணித் தலைவர் என்ற இடத்தில் என் கையெழுத்து
நன்றாகத்தான் வந்திருந்தது.

ஆளுக்கொரு ஜோடி கொடுத்தால் நீதியாகிவிடுமா
என்பான் அஸ்கர். ஆகாது.
ரப்பர் பாறையில் வழுக்குமோ என்னவோ,
அவர்களுக்குத் துணிதான் தோதோ.
அதையாவது கேட்டிருக்கலாம்.
அன்று முப்பத்தொரு கேள்வி கேட்டேன்,
அத்தனையும் பாசியைப் பற்றி.

ஆம் என்பதில் குறியிடுகிறேன்.
உப்பூரில் பேருந்து குலுங்கி
அது நினைவில்லை வரைக்கும் நீள்கிறது.

நம்புச்செல்வியின் தாளை மறுபடி எடுத்து
பதிலளிக்கவில்லை என்பதை
எச்சில் தொட்டு விரலால் அழிக்கிறேன்.
தாள் கொஞ்சம் கிழிகிறது.