வவுச்சர் எண் 47

ஐயா,
தணிக்கைக் குறிப்பு கிடைத்தது.
'நிகழாத நிகழ்வுக்குத்
தேநீர் இருநூற்றுப் பன்னிரண்டு,
ரூபாய் இரண்டாயிரத்து ஐந்நூற்று நாற்பத்து நான்கு.
விளக்கம் தேவை.'

விளக்கம்:

அன்று மாலை கடலூர் துறைமுகத்தில்
எட்டாம் எண் கூண்டு ஏறியது.
தாழங்குடாவில் காற்றே இல்லை.
அதுதான் பயமாக இருந்தது.
முகத்துவாரத்தில் தண்ணீர்
எண்ணெய் ஊற்றியதுபோல் படுத்துக் கிடந்தது.

உங்கள் நிதியில் வாங்கிய மெகாபோனோடு
பச்சையம்மாள் தெருத்தெருவாகப் போனாள்.
இரண்டாவது தெருவில் பேட்டரி செத்தது.
புதியது வாங்க
மூன்று கடை விலைப்புள்ளி கேட்டிருந்தீர்கள்.
இரண்டுதான் வந்திருந்தது.
மீதித் தெருக்களுக்கு அவள் தொண்டை.
அதற்கு ரசீது இல்லை.

மாசிலாமணி வரமாட்டேன் என்றார்.
போன புயலுக்கு வந்தாராம்,
திரும்பிப் போனால் டிவியைக் காணோமாம்.
பூவராகவன் எதுவும் பேசவில்லை.
புது டிவியைப் போர்வையில் சுற்றித்
தலையில் வைத்துக்கொண்டு நடந்தான்.
பின்னாலேயே வந்தார் மாசிலாமணி,
பார்த்துடா, பார்த்துடா என்றபடி.

புகலிடத்துச் சாய்தளம், வவுச்சர் 12,
அதுவரை கருவாடு காயத்தான் பயன்பட்டது.
அன்று ஒன்பதாம் மாத வயிற்றோடு
ரெஜினா அதில் ஏறினாள்,
நடுவில் ஒருமுறை நின்று,
மூச்சு வாங்கி.

ஐஸ் கம்பெனியின் பீகார்ப் பையன்கள்
ஒன்பது பேர் வந்தார்கள்.
உங்கள் பயனாளிப் பட்டியலில் அவர்கள் இல்லை.
தேநீர் குடித்தார்கள்.

இரவு ஒன்றரைக்குக் கலியபெருமாள்
அண்டாவை இறக்கினார்.
அப்போது யாரும் தூங்கவில்லை.
எல்லோரும் ஜன்னலைப் பார்த்தபடி
கேட்டுக்கொண்டிருந்தோம்,
வராத ஒன்றை.

மூன்று மணிக்குச் செய்தி:
புயல் வடக்கே திரும்பிவிட்டது,
நெல்லூர்ப் பக்கம்.
இதுக்காடா எழுப்பினீங்க என்று
ஒருவர் பாயைச் சுருட்டினார்.
யாரோ கைதட்டினார்கள்.
பச்சையம்மாள், குரல் போன குரலில்,
அங்க யாரு தெருவுல போயிருப்பா
என்று கேட்டாள்.
கைதட்டல் நின்றது.

உங்கள் படிவத்தில்
'காப்பாற்றப்பட்ட உயிர்கள்' என்றொரு கட்டம்.
பூஜ்யம் போட்டிருக்கிறேன்.
பொய்க்கணக்கு எழுதிப் பழக்கமில்லை.
வீட்டுக்குத் திரும்பியவர்களுக்கு
ஒரு கட்டம் இருந்தால்
எண்ணிக்கை தருகிறேன்.

உங்கள் ஆண்டறிக்கை அட்டையில்
பனியில் நின்று ஒரு பெண்
உண்டியல் குலுக்குகிறாள். கையுறை, சிவந்த மூக்கு.
அதில் விழுந்த ஏதோ ஒரு காசு
நாலு வங்கி தாண்டி,
கமிஷன் கழிந்து,
கலியபெருமாள் அண்டாவில்
சர்க்கரையாகக் கரைந்தது.
அவளைப் பார்த்தால் சொல்லுங்கள்,
சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான்,
அந்த நேரத்துக்கு அது வேண்டியிருந்தது.

தொகையை ஏற்க முடியாதென்றால்
என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம்.
பேட்டரியை மட்டும்
அடுத்த ஐப்பசிக்குள் அனுமதியுங்கள்.

இப்படிக்கு,
கணக்காளர்.

பின்குறிப்பு:
எண்ணிக்கையில் ஒரு பிழை இருக்கிறது.
இருநூற்றுப் பதின்மூன்று.
தான் குடித்ததற்குக்
கலியபெருமாள் காசு வாங்கவில்லை.