மரவெல்லி, செ.

மின்சார சபைச் சட்டையில் குத்திய அட்டை:
செ. மரவெல்லி.
புதிதாய் வந்த எழுதுவினைஞர் நிமிர்ந்து கேட்டார்:
"செ என்டா அப்பாட பேரா?"
செவரின் நான்தான் என்றேன்.
"அப்ப மரவெல்லி ஆர்?"
அதைத்தான் நானும்
ஐம்பத்திரண்டு வருசமாய்க் கேட்கிறேன்.

புளியந்தீவில் மீற்றர் வாசிக்கப் போனால்
படலைக்குள்ளிருந்து குரல் வரும்:
"மரவள்ளி வந்திருக்கு, நாயைப் பிடிங்ககா."
பள்ளிக்கூடத்தில் கிழங்கு.
கிரிக்கெட்டில் அவியாத கிழங்கு.
நான் விரும்பியவளின் தமையன்
சில கிழங்கில் நஞ்சிருக்கும் என்று சொல்லி
அவளை ஆரையம்பதியில் கட்டிக்கொடுத்தான்.

போன கிழமை மகள் பிரிசில்டா
கைபேசியை என் மூக்கடியில் நீட்டினாள்.
"பப்பா, நம்மட பேரில எவ்வளவு பெரிய ஆக்கள்!"
எல்லாம் இத்தாலியில்.
மலைப்பாதையில் சைக்கிள் மிதித்து
மூன்றாவதாய் வந்த ஒருவன்.
ஒரு கர்தினால்.
வாயைத் திறந்தபடியே படம் எடுத்துக்கொண்ட பாடகன்.
உப்பைப் பற்றி இருநூறு பக்கம் எழுதிய இரசாயனக்காரி.
கடைசியில் ஒரு வங்கிக் கொள்ளைக்காரன்.
அவன் மூக்கு
அசல் எங்கட ரோலன் சித்தப்பாவின் மூக்கு.
எனக்கு அவனைத்தான் பிடித்தது.

"நாங்க எங்க பப்பா?"
விரலால் தள்ளித் தள்ளிப் போனாள்.
அடியில் வெள்ளை.

ஒல்லாந்தக் கப்பலில் வந்த தச்சன் என்பார் என் பப்பா.
போர்த்துக்கேயக் கப்பலில் வந்த சமையற்காரன் என்பார்
அவருடைய அண்ணன்.
கப்பல் ஒன்று இருந்தது என்பதில் மட்டும்
இரண்டு பேரும் சண்டை பிடிக்கவில்லை.
மரவேலை செய்ததால் மரவெல்லி என்று
ஒரு பாதிரியார் கண்டுபிடித்துச் சொன்ன அன்று
பப்பா உளியை வைத்துவிட்டுச் சிரித்தார்:
"சாமி, அப்ப மீன் பிடிக்கிற எங்கட தம்பி ஆருக்குப் பிறந்தவன்?"

சனிக்கிழமை டச்பார் பக்கம் வேலை.
முடித்து, மறுகா கொஞ்சம் கிறுகிப் போய்
அந்தக் கல்லுக்கு முன் நின்றேன்.
நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை.
பெயர்கள் அகரவரிசையில்.
'ம'வில் நாங்கள் ஒன்பது பேர்.

கல் வெட்டினவர்
ஆறு பேரை வெல்லி என்றும்
மூன்று பேரை வள்ளி என்றும் வெட்டியிருந்தார்.
அப்போதே சொன்னேன்.
"கல்லுக்கு அழிறப்பர் இல்லை அண்ணே" என்றார்.
அவர் வீட்டிலும் இரண்டு பேர் என்று
பிறகுதான் தெரியும்.

ரோலன்:
தையல் மெசினைக் கரியரில் கட்டி
கல்முனை வரை மிதித்தவர்.
எத்தீன் மாமி:
யார் வீட்டுக் கறியில் உப்புக் கூடினாலும்
சட்டியோடு அவளிடம்தான் போகும்.
ஜோயல்:
வயது ஐந்து.
இன்னும் எதிலும் பெயர் எடுத்திருக்கவில்லை.
மற்றவர்களைப் பற்றி
இன்றைக்கு வேண்டாம்.

போன வருசம் எங்கள் கையில் ஒரு மெசின் தந்தார்கள்.
இலக்கத்தை அமத்தினால் துண்டு வரும்.
செத்த கணக்குகளை அதில் ஏற்றவில்லை.
பழைய வாசிப்புப் புத்தகங்களை எரிக்கச் சொல்லி
பின்வளவில் குவித்தபோது
நான் ஒன்றை உருவிச்
சட்டைக்குள் செருகிக்கொண்டேன்.
களவுதான்.
எங்கள் பெயருக்கு அது புதிதில்லை,
இத்தாலியில் கேட்டுப்பாருங்கள்.

நேற்றிரவு மகளுக்கு அதை விரித்துக் காட்டினேன்.
டச்பார், இரண்டாம் குறுக்கு.
மரவெல்லி, ரோ.
கார்த்திகை 2004.
வாசிப்பு 04417.
என் கையெழுத்து, நீல மையில்.
அன்றைக்கு அவர் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டார்.
இன்னும் பதினாறு வீடு இருக்கு என்று
சொல்லிவிட்டு வந்தேன்.