இடது காது

ஐந்தே முக்காலுக்கு ஆலைப் பேருந்து.
ஜூலையில் அது நடுச்சாமம்தான், கேயோனில்.
ஓர்ஃபெலினா ஜன்னலை விட்டுத்தர மாட்டாள்.
இயர்போனில் பாதி தருவாள்.
இடது எனக்கு.

அவள் மடியில் மகன் கழித்துக்கட்டிய டேப்லெட்.
மூலையில் விரிசல்,
அதன்மேல் மீன்பெட்டிக்கு ஒட்டும் நீல டேப்.
திரையில் எட்டுக் கட்டங்கள்.
ஒன்றைத் தொட்டால் மூன்று சுரம் சேர்ந்தெழும்,
கார்ட் என்று பெயராம்.
வலப்பக்கம் நீளமாய் ஒரு பட்டை,
விரலை இழுத்தால் மெட்டு.
"எங்கே தொட்டாலும் தப்பே வராது.
தப்பான சுரத்தையெல்லாம்
பூட்டி வச்சிருக்கான் செயலிக்காரன்"
என்றாள் முதல் நாள்.
இருவரும் சிரித்தோம், தேவைக்கு மேலேயே.
எங்கள் வேலை சால்மனில் முள் பிடுங்குவது.
ஒரு துண்டில் ஒரு முள் தங்கினாலும்
பலகையில் நம் எண் ஏறிவிடும்.

காலையில் அவள் விரல் திரையில் ஓடும்.
திரும்பும்போது ஓடாது.
எட்டு மணி நேரம் பனிக்கட்டியில் கிடந்த விரலை
விரல் என்றே திரை ஒப்புக்கொள்வதில்லை.
தட்டுவாள், தட்டுவாள்,
தொடையில் தேய்த்துக்கொண்டு மறுபடி தட்டுவாள்.
உறைபனி நாட்களில்
மூக்கு நுனியால் ஒரு கார்ட் வாசித்ததும் உண்டு.

குளிர்காலம் முழுக்க நான் கேட்டது இவ்வளவுதான்:
ஊதா, ஊதா, பச்சை,
கொஞ்சம் தயங்கி மஞ்சள்.
இதைத்தான் அவள் பாட்டு என்று நினைத்திருந்தேன்.
அழகாய்த்தான் இருந்தது,
யாரும் குடிவராத வீட்டின் அறைகள் மாதிரி.
நானே குடிபோனேன்.
இடுக்கியும் கையுமாய் நிற்கையில்
அந்த நான்கு கார்ட் மேல்
எனக்குள் ஒன்று நடக்க ஆரம்பித்தது.
கன்வேயர் இரைச்சலுக்கு அடியில் முனகுவேன்,
முகமூடிக்குள்,
மேற்பார்வை ரிக்கோபெர்த்தோவுக்கும் கேட்காது.
ஆகஸ்டில் அது முழுசாகிவிட்டது.
அவளிடம் சொல்லவில்லை.

செப்டம்பரில் ஒரு நாள் இயர்போன் வயர் அறுந்தது.
"போகட்டும்" என்று ஒலியை வெளியே திறந்துவிட்டாள்.
ஊதா, ஊதா, பச்சை.
மேலே வேறொருத்தி நடந்து போனாள்.

அப்போதுதான் புரிந்தது:
செயலி கார்டை இடக்காதுக்கும்
மெட்டை வலக்காதுக்கும் பிரித்தே அனுப்பிவந்திருக்கிறது.
இத்தனை மாதமும்
ஒரே வயரில் இரண்டு பாட்டு.

பின்சீட்டில் யாரோ கைதட்டினார்கள்.
டிரைவர் கண்ணாடியில் பார்த்துத் தலையாட்டினார்.
நல்ல மெட்டுதான், பொய் சொல்லக் கூடாது.
ஆனால் என் வீட்டில் யாரோ
பாத்திரங்களை இடம் மாற்றி வைத்த மாதிரி
எனக்குக் கோபம் வந்தது.

"பிடிக்கலையா?"
"பிடிச்சிருக்கு. நான் கேட்டது இதில்லை."
"பின்னே எது?"

முனகினேன். முகமூடி இல்லாமல், முதல் தடவை.
என் குரல் அவ்வளவு கரகரப்பென்று எனக்கே தெரியாது.
கம்பூ திருப்பம் வரை அவள் பேசவில்லை.
பிறகு பட்டையில் தேடினாள்,
முதல் சுரம் கிடைத்தது, இரண்டாவதும்,
நான்காவது இடத்தில் விரல் வழுக்கியது.
"இன்னொரு தடவை."
முனகினேன்.
"இன்னொரு தடவை, அந்த இடம் மட்டும்."
இல்லை. அந்தச் சுரம் அதில் இல்லவே இல்லை.
நான் இறங்கும் அந்தப் படியைப்
பூட்டி வைத்திருந்தான் அவன்.

அமைப்புகளுக்குள் போனாள்.
எனக்குத் தெரியாத ஆங்கிலத்தில்
அவளுக்கும் தெரியாத பட்டியல்.
ஒவ்வொன்றாய்த் திறந்து மூடினாள்.
எங்கேயோ ஒரு சின்னப் பொத்தான்,
தள்ளியதும் சாம்பலாகியது.
பட்டையில் புதுக் கோடுகள் முளைத்தன, நெருக்கமாய்,
மீன் விலாவில் முள்வரிசை போல.

"இனி தப்பு வரும்" என்றாள்.
வந்தது. பேருந்து முழுக்கக் கேட்டது.
கைதட்டியவர் இருமினார்.

நிறுத்தம் வர இரண்டு நிமிடம்.
விரல் மறுபடி மரத்து, திரை அவளை மறந்துவிட,
ஒரு வார்த்தை கேட்காமல்
அந்தக் குளிர்ந்த விரலை என் கழுத்தில் வைத்தாள்.
துள்ளிவிட்டேன்.
"அசையாதே" என்றாள்.
எண்ணுகிற மாதிரி உதடு அசைந்தது.
பிறகு எடுத்து, தொட்டாள்.