நாற்பத்தெட்டு பைட்

விடியப்புறம் மூன்று மணிக்கு லாபிர் கோல் எடுத்தான்:
"உங்கட பெட்டி திரும்பவும் செத்துப்போச்சு."
உப்புவெளியிலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்தேன்.

கொட்பே ஐஸ் பெக்டரியின் பின்சுவரில்
ஒரு பிஸ்கட் டின். அதற்குள் என் சேவையகம்.
அறுபத்துநான்கு மெகாபைட்,
அவ்வளவுதான் அதற்கு வாய்த்த தலை.

மடிக்கணினியை மீன்பெட்டி மேல் வைத்துப் பதிவேட்டைத் திறந்தேன்.
படகுகள் "இங்கே நிற்கிறேன்" என்று சொல்லச் சொல்ல
இடம் வாங்கினேன், வாங்கினேன்,
ஒன்றையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இனி வட்டம். இருநூறு இருக்கை.
புதிதாய் வருவது
ஆகப் பழையதன் மேல் உட்காரும்.
ஓட்டிப் பார்த்தேன்: கோடு ஏறாமல்
காற்றில்லாத உள்துறைமுகம்போலக் கிடந்தது.

"நல்லம்," தேத்தண்ணியை நீட்டினான் லாபிர்.
கொஞ்சம் பொறுத்து,
"அந்த நானூற்றுப் பதினேழு?"

கிளமென்ட்டின் படகு. ஒன்பது நாள்.
கிழக்கே எண்பது கடல்மைலில் ஒருமுறை பேசியது,
பிறகு இல்லை.
வட்டத்தில் இப்போது அதுதான் ஆகப் பழையது.

நாற்பத்தெட்டு பைட்.
வெளியே தனியாக ஓர் இடம் ஒதுக்கினேன்,
விடுவிக்கும் வரியை எழுதாமல்.

சோதிக்கும் கருவி
அதையும் கசிவென்றுதான் காட்டும்.
காட்டட்டும்.