அரைப் பேர்

ஞாயிறு பூசைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து
பழைய கீசரின் அடிவயிறு கிழிந்தது.
துருத் தண்ணீர் சுவர் வழியே இறங்கி
சோப்புப் பெட்டியை நிரப்பியது.

நுவரெலியாவில் மூடிப்போன ஏதோ லொட்ஜின் சாமான்.
மூத்தவன் லொறியில் ஏற்றிவந்து
எங்கள் ஏழு பேர்ச்சஸ் வீட்டில் மாட்டினான்.
ஒன்பது வருஷம் உழைத்தது.
பென்சன் இல்லை அதற்கும்.

திங்கள் விடியலில்
ஐந்தரை பஸ்ஸுக்கு ஓடுகிற சின்னவள் அனிஸ்டா
பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிவிட்டு
என்னைப் பார்த்தாள் ஒரு பார்வை.
அன்றைக்கே ஹட்டனுக்கு இறங்கினோம்.

ரிஸ்மி நானா கடையில்
கூரை வரைக்கும் வெள்ளை வெள்ளையாய் டாங்கிகள்,
பேர் வைக்காத பிள்ளைகள் மாதிரி.

சோலர் போடுவோம் என்றார் இவர்.
நானா ஒன்றும் பேசாமல் வாசலைக் காட்டினார்.
எதிர்க்கடைப் பலகையில்
பனி மூடியது போக
"ஸ்டோர்ஸ்" மட்டும் தெரிந்தது.

கேஸில் ஓடுவது இருக்கிறது, உடனே சுடும்.
கேஸுக்கு வரிசையில் நின்ற வருஷம்
இன்னும் என் முழங்காலில் நிற்கிறது.
வேண்டாம்.

கையகலத்தில் ஒன்று, மலிவு.
ஆனால் அதற்குத் தண்ணீர் வேகமாய் வரவேண்டுமாம்.
எங்களுக்குத் தண்ணீர் பீலியிலிருந்து வருகிறது,
அதற்கு மனசு வந்தால்.

"சரி அக்கா, வீட்ல எத்தன பேர்?"

மூன்று பேருக்கு முப்பது லிட்டர்.
ஐந்து பேருக்கு ஐம்பது.
நடுவில் பதினாலாயிரம் ரூபாய்.

"மூணு" என்றார் இவர், பட்டென்று.

இருபத்தாறு வருஷம் கொழுந்து பறித்தவள் நான்.
நிறுவை குறைந்த நாளில்
கால் சேறு காயுமுன்னே
செக்றோலில் அரைப் பேர் விழும்.
மலை ஏறியது முழுசாய்,
அட்டை கடித்தது முழுசாய்,
பேர் மட்டும் பாதி.
அந்தப் பாதிக்காக ஐயாவிடம் சண்டை போட்டிருக்கிறேன்.
அந்தப் பாதியையும் கூட்டித்தான்
மாசக் கடைசியில் அரிசி வாங்கியிருக்கிறேன்.

"மூன்றரை" என்றேன்.

நானா சிரித்தார்.
இவர் சிரிக்கவில்லை.
ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா
முப்பது நாள் லீவில் வருகிறவனுக்கு
வருஷம் பூராவும் தண்ணி காய வைப்பியா,
கரண்டு பில்லை யார் கட்டுவது என்றார்.
அவன்தான் கட்டுகிறான் என்று
நான் சொல்லவில்லை. நானா இருந்தார்.

டோஹாவுக்கு எடுத்தேன்.
ஸ்டெனி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.
திரையில் முகத்தைவிடத் தட்டுதான் பெரிது.

"அம்மா, இங்க இப்ப பச்சத்தண்ணி பைப்பத்
தொறக்கவே ஏலாது, தோல் உரியும்.
கீசர ஓஃப் பண்ணிட்டு
அதுக்குள்ள தண்ணிய ஆற விட்டுத்தான் குளிக்கிறோம்.
எட்டுப் பேருக்கு ஒண்ணு."

"பெருசா?"

வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னான்:
"பெருசுதான்.
என்னோட முறை வரும்போது
திருப்பி சுட்டிரும்."

ஐம்பதையே இறக்கச் சொன்னேன்.
இவர் காசை எண்ணினார்,
ரெண்டு தரம்.
அதன் பிறகு
எர்த் வயருக்கு நல்லதாய்ப் பார்த்துக் கொடுங்கள் என்றார்,
அவர் கோபம் போகிற வழி அது.

த்ரீவீலில் நடுவில் அதை உட்கார வைத்து
இரண்டு பக்கமும் நாங்கள் ஒடுங்கினோம்.
மல்லியப்பு சந்தியில் வைத்து
டிரைவர் கண்ணாடியில் பார்த்தான்.
"இதுக்கும் ஒரு ஆள் காசு வரும் அக்கா."
கொடுத்தேன். முழுப் பேராய்.

செவ்வாய் சாயங்காலம் மாட்டியாயிற்று.
சிவப்பு லைட் எரிந்து, அணைந்தது.
முதலில் அனிஸ்டா போனாள்.
முக்கால் மணி நேரம்.
ஜன்னல் கண்ணாடி வெள்ளையாகி
உள்ளே என்னவோ பாட்டு.

தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தவள்
"புதுசுன்னீங்க, அதுக்குள்ள பச்சத்தண்ணி வருது" என்றாள்.

அவள் பங்கு, என் பங்கு, அவருடையது,
அண்ணனின் அரைப் பேரும் சேர்த்து
சாக்கடையில் ஆவி பறக்க ஓடிக்கொண்டிருந்தது.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு
சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றேன்.
சிவப்பு லைட்
மறுபடி எரியத் தொடங்கியிருந்தது.