அடி ஒன்றுக்கு

அடி ஒன்றுக்குப் பதினொன்றரை டாலர் என்று
கார்லண்ட் டீக் ஒப்புக்கொண்டு வந்த மதியம்
தென் மிசௌரியில் நல்ல வெயில்.
மேல் ஒப்பந்தக்காரர் விருந்து வைத்தாராம்,
கையைப் பிடித்துக் குலுக்கினாராம்.
நாற்பது மைல் ஃபைபர்.
மண்ணைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.
மண் மண்தானே ட்வைலா, என்றார்.

என் வேலை துளைக்கு மேலே நடப்பது.
பூமிக்குள் தலை எங்கே போகிறதென்று
கையிலுள்ள கருவி சொல்லும்,
நான் ரேடியோவில் சொல்வேன்:
நாலரை அடி. இடப்பக்கம் ஒதுங்குகிறது. திருப்புங்கள்.
பதினான்கு வருடம்
கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் தலைக்கு மேலே
நடந்திருக்கிறேன்.
ஒரு கேஸ் குழாயைக்கூடத் தொட்டதில்லை.

முதல் மூன்று மைல் களிமண். வெண்ணெய்.
அந்த வாரமே இரண்டாவது ரிக் வந்திறங்கியது,
மாதம் ஒன்பதாயிரத்து இருநூறு தவணை.
அகலக்கால் என்று சொல்ல வாயெடுத்தேன்;
புது மஞ்சள் பெயின்ட்டில் அவர் முகம் தெரிந்தது,
சொல்லவில்லை.
அது என் தப்பு.

நாலாவது மைலில்
சுண்ணாம்புப் பாறை.

அறுநூறு அடி போன நாள்
அறுபது அடியோடு இருட்டியது.
நாலாயிரம் டாலர் பல் இரண்டு நாளில் மொட்டை.
இரவு என் வண்டி விளக்கில் ஒப்பந்தத்தைப் புரட்டினோம்.
பதினேழு பக்கம்.
புல் எப்படி இருக்க வேண்டும், யார் மேல் யார் வழக்குப் போடலாம்,
எல்லாம் இருந்தது.
பாறை என்ற சொல் இல்லை.
களிமண் அடியும் கல் அடியும்
காகிதத்தில் ஒரே அடி.

இரண்டாவது ரிக்குக்கு மேலே நடந்தவன்
கார்லண்டின் அக்காள் மகன், ஒன்பது நாள் பழக்கம்.
நீலக் கோடுகளை மழை கழுவியிருந்தது.
மறுபடி குறிக்கச் சொன்னால் மூன்று நாள் காத்திருக்க வேண்டும்.
தோண்டிப் பார்த்தால் நாற்பது நிமிடம்.
இரண்டும் செய்யவில்லை.
சனிக்கிழமை, சர்ச் வாசலில் தண்ணீர்க் குழாய் வெடித்தது.
மணப்பெண் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
எங்களைப் பார்த்த பார்வை...
முன்னால் எப்படி இருந்தது என்பதற்கு
ஒரு போட்டோகூட இல்லை எங்களிடம்.

பில் போட்டால் எழுபத்தைந்து நாள்.
அதிலும் பத்தில் ஒரு பங்கு பிடித்தம்,
கடைசி வீட்டுப் புல் முளைக்கும் வரை.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
ஆட்களுக்கு வெள்ளிக்கிழமை தோறும் சம்பளம்,
புல்லுக்கு அது தெரியாது.
மண்ணுக்குள் போன தலையைத் தேட
என் கையில் கருவி இருந்தது.
போன பணம் எவ்வளவு ஆழத்தில் என்று
யாரும் மேலே நடந்து சொல்லவில்லை.

அக்டோபரில், சந்தைத் திடலில்,
மஞ்சள் ரிக்கை யாரோ ஏலத்தில் எடுத்தார்கள்.
கார்லண்ட் தொப்பியைக் கழற்றவில்லை.

மூன்று வருடம் கழித்து
அதே விருந்து மேசை, அதே மனிதர், எதிரே நான்.
என்னிடம் ஒரே ரிக், பழையது, கடனில்லாதது.
எட்டாம் பக்கத்தில் பேனாவால் எழுதினேன்:
பாறை வந்தால் வேலை நிற்கும், வேறு விலை.
சிரித்துக்கொண்டே அடித்தார்.
மறுபடி எழுதினேன். மறுபடி அடித்தார்.
ஆப்பிள் பை நன்றாக இருந்தது; முழுசாகச் சாப்பிட்டு
என் பங்குக் காசை வைத்துவிட்டு எழுந்தேன்.
பத்து டாலருக்கு யாரோ எடுத்துக்கொண்டார்களாம்.
அன்றிரவு தூக்கம் வரவில்லை, பொய் சொல்வானேன்.

வசந்தத்தில் வேறொருவரிடம்
ஆறு மைல் கிடைத்தது. ஆறே மைல்.
நடக்கும் முன் ஒவ்வொரு வாசலையும் போட்டோ எடுக்கிறேன்,
நாய் உட்பட.

ரிக் நாற்காலியில் கார்லண்ட், மணிக் கூலிக்கு.
கை இன்னும் அவருக்குத்தான் கை.
இன்று காலை ரேடியோ கரகரத்தது:
ட்வைலா, கீழே என்னமோ உறுமுகிறது.
நிறுத்துங்கள், என்றேன்.
பாறையா?
பாறைதான்.
கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தம் மட்டும்.
பிறகு கேட்டார்:
எத்தனையாம் பக்கம்?