பி பக்கம், நான்காவது பாட்டு

ஆர்வல் டிக் என்றால்
ஸ்விஃப்ட் கரண்டில் எல்லாருக்கும் அந்த ஒரு பாட்டுதான்.
கல்யாணத்தில் மூன்றாவது பியருக்குப் பிறகு
மேசைமேசையாய்க் கிளம்புமே, அது.
அதுவும் நாஷ்வில்லில் வேறொருத்தன் பாடிய பிறகுதான்
இவர் எழுதியதென்று இங்கே தெரிந்தது.

எனக்கு அது வேண்டாம்.
பழைய சாமான் கடையில்
ஐம்பது சென்ட்டுக்கு வாங்கிய கேசட் போதும்.
கர்லிங் அரங்கின் உடைமாற்றும் அறையில்
எண்பத்து மூன்று பிப்ரவரியில் பதிந்தது.
உறையில் பேனாவால் எழுதியிருக்கிறது:
ஹீட்டர் சத்தத்துக்கு மன்னிக்கவும்.

ஆலங்கட்டிச் சேதத்தை மதிப்பிடுவது என் வேலை.
ஜூலை முழுக்க அடுத்தவர் வயலில் மண்டியிட்டு
ஒடிந்த தண்டுகளை எண்ணுகிறேன்.
நூற்றுக்கு அறுபத்திரண்டு என்று எழுதினால்
ஒரு வீட்டில் டிராக்டர் தங்கும்.
ஐம்பத்தெட்டென்றால் ஏலத்துக்குப் போகும்.

அவரும் எண்ணத் தெரிந்த மனுஷன்.
நான்காவது பாட்டில் ஒருத்தி
விட்டுப்போனவன் விட்டுப்போனதைப் பட்டியலிடுகிறாள்:
ஒற்றை பூட்ஸ், கார் பேட்டரி,
பாதி தீர்ந்த இருமல் மருந்து.
அழுதாள் என்று எங்கும் இல்லை.
எதுகைக்காக ஒரு மாட்டைக்கூட
அவர் சாகடித்ததில்லை.
மருந்துக்குச் சற்று முன்னால்
கிடாரில் விரல் பிசகுகிறது.
திரும்பப் பதிந்திருக்கலாம். பதியவில்லை.
அந்தப் பிசகுக்காகவே
சரளைப் பாதையோரம் வண்டியை நிறுத்தி
எத்தனையோ தடவை பின்னால் ஓட்டியிருக்கிறேன்.
கேசட் ஓடுகிறதே என்றுதான்
இந்த வண்டியையே விற்காமல் வைத்திருக்கிறேன்.

போன செவ்வாய், ஷானவனுக்குத் தெற்கே
மைசூர்ப் பருப்பு வயல்.
கதவைத் திறந்து வைத்துவிட்டு
படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன்.
வேர்ன் ஃப்ரீசன் கிட்டே வந்தார்.
"ஆர்வலா இது?
முந்நூறு டாலர் தரணும் எனக்கு.
அந்த பேட்டரியும் என்னோடதுதான்."

கொஞ்சம் கழித்து,
"விட்டுட்டுப் போனதே அவன்தான், தெரியுமா?"

தெரியாது.
இத்தனை நாள் அவளுக்காக
அவன் மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.
அவனே உட்கார்ந்து
அவள் வாயால் தன் பூட்ஸை எண்ணியிருக்கிறான்,
ஹீட்டர் பக்கத்தில்,
மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் இருந்திருக்கலாம்.

"இன்னொரு தடவை போடுங்க" என்றார் வேர்ன்.
நாடா பின்னால் ஓடி முடிக்கும்வரை
ஒடிந்த செடிகளுக்கு நடுவே நின்றார்,
தொப்பி கையில்.
பேட்டரி வந்ததும் தலையாட்டினார்.
விரல் பிசகியது.

எங்கே விட்டேன் என்று தெரியாமல்
முதல் வரிசையிலிருந்து
மறுபடி எண்ணத் தொடங்கினேன்.